பாசமிகு மாமியாரும் ஆவார்

காணிக்கைப் பை கடாட்சத்தின் கைக்கு வந்தது. அவர் அதற்குள் ஒன்றும் போடாமல் அடுத்த வாங்கில் இருந்தவர்களுக்கு நீட்டிவிட்டார். காணிக்கை உறை அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

மனைவி சுகிர்தம் பாட்டுப் புத்தகத்தை வாய்க்கு நேரே உயர்த்தினாள்.

"இஞ்சாருங்கோ, உறையைப் போட மறந்திட்டீங்கள்."

"மறக்கேல்ல."

"பின்னே?"

"போட ஏலாது."

"போன கிழமையும் போடேல்ல. ஏன் ஏலாது?"

"வேதத்தில இருக்கு."

காணிக்கை போடு என்று வேதத்தில் இருப்பது சுகிர்தத்துக்குத் தெரியும். போடாதே என்று எங்கே இருக்கிறது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் சபையார் பாட்டின் கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த மாதத் தொடக்கத்தில் போதகர் ஒரு பிரசங்கம் செய்திருந்தார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வருகிறாய். வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வருகிறது. என்ன செய்வாய்? முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, காணிக்கை பிறகு. இதைப் போதகர் பல உதாரணங்களோடு விளக்கினார். சபையார் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

கடாட்சத்தால் அப்படிப் படுக்க முடியவில்லை. அவர் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். எழுதியிருப்பதை எழுதியபடி செய்து பழகியவர். மருந்துப் போத்தலில் 'குலுக்கவும்' என்று இருந்தால், முடிந்த போத்தலையும் ஒருமுறை குலுக்கிவிட்டுத்தான் எறிவார். அவருக்கு இருந்தது ஒரேயொரு சகோதரன். அந்தச் சகோதரனுக்கு அவர்மேல் மனக்குறை. ஆகவே காணிக்கை நின்றது.

சபையில் இதற்கு வேறு விளக்கம் பிறந்தது. கடாட்சம் வேறொரு சபைக்குப் போகப் போகிறார் என்று சிலர் சொன்னார்கள். போதகரே ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, ஜெபம் செய்து, செருப்பைப் போட்டுக்கொண்டே, "வீட்டில ஏதும் கஷ்டமெண்டா மறைக்காமச் சொல்லுங்கோ" என்றார். உங்கள் பிரசங்கம்தான் காரணம் என்று சொல்லக் கடாட்சத்துக்கு வாய் வரவில்லை. தன் பிரசங்கத்தை ஒருவர் உண்மையிலேயே செய்துபார்க்கிறார் என்று தெரிந்தால், அந்த மனிதர் இனிப் பயந்து பயந்துதான் பேசுவார்.

குறை தொடங்கியது ஒரு மரண அறிவித்தலில்.

சென்ற வருடம் அவர்களுடைய அம்மா நேசமலர் விடியும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் காலமானார். சாவு நடந்த வீட்டில் முதலில் வருவது அழுகை என்று நினைப்பவர்கள், அதை வெளியே நின்று பார்த்தவர்கள். உள்ளே முதலில் வருவது பெயர்கள். யாருடைய மகள், யாருடைய மனைவி, யார் யாருடைய தாய், எந்தப் பேரன் எந்த நாட்டில், யாருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடவேண்டும், யாருக்குப் போடக்கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி ஒரு மருந்துப் பெட்டியின் உட்புறத்தில் இவற்றையெல்லாம் கடாட்சம்தான் எழுதினார். எழுதி, நோட்டீஸ் அடிக்கும் கடையில் கொடுத்துவிட்டுச் சவப்பெட்டி பார்க்கப் போனார்.

மத்தியானம் சுவர்களில் ஒட்டப்பட்ட நோட்டீசில், தேவரஞ்சன், தேவகடாட்சம் ஆகியோரின் அன்புத் தாயாராகவும், சுகிர்தத்தின் பாசமிகு மாமியாராகவும் நேசமலர் இருந்தார். மூத்த மருமகள் எஸ்தரைக் காணவில்லை.

எஸ்தரின் கணவர், மூத்தவர் ரஞ்சன், ஓய்வுபெற்ற தபாலதிபர். பெயரும் விலாசமும் சரியாக இருக்கவேண்டும் என்பதில் வாழ்க்கையைச் செலவழித்தவர். அவர் நோட்டீசை இரண்டு தடவை வாசித்தார். சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அந்தப் பக்கம் நின்ற தம்பியிடம், "என்ர மனிசியை நீ இந்த வீட்டு ஆளா எண்ணேல்ல, என்ன?" என்று கேட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடமாக ஒன்றுமே கேட்கவில்லை.

எஸ்தர் என்று எழுதியதாகத்தான் கடாட்சத்துக்கு ஞாபகம். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேறு ஞாபகங்களும் இருந்தன. கட்டிலில் கிடந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்ததாக ஞாபகம். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அது இல்லை. அப்படியான ஒரு நாளின் ஞாபகத்தை நம்பி அண்ணனோடு வாதாட அவர் துணியவில்லை. மேலும், களஞ்சியத்தில் ஒன்று குறைந்தால் பொறுப்பாளர்தான் பொறுப்பு.

அம்மா இருந்த காலத்தில் கோயிலில் அவர்கள் மூவரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். நடுவில் அம்மா. இப்போது ரஞ்சன் காலை ஆராதனைக்கு வந்து போய்விடுவார். கடாட்சம் அடுத்த ஆராதனைக்கு வந்து அதே வாங்கில், நடுவிலும் மறுகரையிலும் இடம் விட்டு இருப்பார். கல்லறைக்கும் அப்படித்தான். அண்ணன் கொளுத்திய மெழுகுதிரி எரிந்து முடியும் நேரம் தம்பி தன்னுடையதோடு போவார்.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. சுகிர்தத்தைத் தூது அனுப்பினார். அவள் திரும்பி வந்து, "எஸ்தர் அக்கா அந்தக் கதையை விடச் சொல்லுறா" என்றாள். மறுபடியும் அனுப்பினார். "அந்தக் கதையை எடுக்கவே வேண்டாமாம்" என்றாள். காயம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று கடாட்சம் நினைத்தார்.

இப்போது அம்மாவின் ஓராண்டு நினைவு நாள் வந்துகொண்டிருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அண்ணனும் தானும் ஒன்றாகக் கல்லறையில் நிற்காவிட்டால் இனி எந்த வருடமும் நிற்கப் போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. பெயரை விட்டதால் வந்த பகை. பெயரைப் போட்டே தீர்ப்பது என்று முடிவு செய்தார். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில், உள்துறைமுக வீதிச் சந்தியில், ஊரே பார்க்கிற மாதிரி ஒரு பெரிய நினைவஞ்சலிப் பனர். அதில் எஸ்தரின் பெயர் முதலில்.

"முதலிலயா?" என்றாள் சுகிர்தம்.

"மூத்த மருமகள்தானே."

"அது வயதின்படி. ராத்திரியில எழும்பி மாமிக்குத் தண்ணி குடுத்ததின்படி?"

"இஞ்சாரும், பிந்தினவர் முந்தினவராவார் எண்டு வேதத்தில இருக்கு."

"அப்ப நான் பிந்தியே இருக்கிறன். நீங்கள் சாப்பிட வாங்கோ."

அன்றைக்குக் குசினியிலிருந்து சோறு வந்தது. குழம்பு வர நேரம் எடுத்தது.

சென்ற வருடம் நோட்டீஸ் அடித்த அதே கடைக்குத்தான் கடாட்சம் போனார். முதலாளி மிஷினுக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கணினிக்கு முன்னால், இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த லோஜினி இருந்தாள். காதில் ஒரு வயர் இருந்தது. அதை எடுக்காமலே கேட்டாள்.

"படம் இருக்கா அங்கிள்?"

இருந்தது. சென்ற வருடம் அடையாள அட்டைப் படத்தைப் போட்டதால், அம்மா பொலிசில் பிடிபட்டவர் போல இருந்தார். இந்த முறை நல்ல படம். உயிர்த்த ஞாயிறு அன்று எடுத்தது. அம்மா கதிரையில் இருந்து சிரிக்கிறார். பின்னால் எஸ்தர், தோளில் கை வைத்தபடி நிற்கிறார். அம்மா சிரித்து அவர்களிடம் இருந்த ஒரே படம் அது.

"பின்னால நிக்கிறவவை வெட்டவா?"

"ஓம் பிள்ளை, அம்மா மட்டும் காணும்."

பின்னேரம் அவருடைய தொலைபேசிக்கு மாதிரி வந்தது. சுகிர்தம்தான் முதலில் பார்த்தாள்.

"இதென்ன, மாமியின்ர தோளில ஒரு கை?"

கடாட்சம் வாங்கிப் பார்த்தார். எஸ்தரை வெட்டியாயிற்று. கை மட்டும் தோளில் மிச்சம் இருந்தது. கையில் முறுக்குக் காப்பு.

"எஸ்தர் அக்காட காப்பு," என்றாள் சுகிர்தம். "எல்லாருக்கும் தெரியும். போன வருசம் பேரை வெட்டினவர், இந்த வருசம் ஆளையும் வெட்டிப்போட்டார் எண்டுதான் கதைக்கப் போயினம்."

அவர் உடனே லோஜினியை அழைத்தார்.

"பிள்ளை, அந்தக் கையை எடுக்க ஏலுமோ?"

"எடுக்கலாம். எடுத்தா அம்மாட தோளும் போகும்."

"தோள் போனா?"

"கழுத்து மேகத்தில நிக்கும் அங்கிள். சில ஆக்கள் அப்பிடியும் விரும்புறவை."

கடாட்சம் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவின் தோளை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. "அப்ப ஒண்டும் வெட்டவேண்டாம். ரெண்டு பேரும் இருக்கட்டும்."

"ரெண்டு பேரையும் போடவா?"

"போடுங்கோ. வடிவாப் போடுங்கோ."

வெள்ளிக்கிழமை, இறங்குதுறையில் சீமெந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது இறுதி மாதிரி வந்தது. கடாட்சம் படத்தின் கீழ்ப்பகுதியை விரல்களால் பெரிதாக்கி, பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். எஸ்தர், சுகிர்தம் ஆகியோரின் பாசமிகு மாமியார். குற்றெழுத்து, நெட்டெழுத்து, புள்ளி எல்லாம் சரி. ஒரு வருடப் பிழையை ஒரு புள்ளியும் பிசகாமல் திருத்திவிட்ட திருப்தியில் 'சரி' என்று அனுப்பினார். மேற்பகுதியைப் பார்க்கவில்லை. அதில் படம்தானே இருக்கிறது.

சனிக்கிழமை காலை அவர் சந்திக்குப் போனபோது பனர் கம்பங்களுக்கு நடுவே விறைப்பாக நின்றது. கீழே, அந்த ஊர் வீதிகளில் திரியும் மான்களில் இரண்டு அதன் நிழலில் படுத்திருந்தன. மான்களுக்குப் பக்கத்தில், எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் சந்திக் கடைக்கார முத்தலிப், இடுப்பில் கை வைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, டீச்சரும் போயிட்டாவா?"

"எந்த டீச்சர்?"

"எஸ்தர் டீச்சர். ஒரு வருசம் எண்டு போட்டிருக்கு. முந்தாநாள் நான் பருப்பு நிறுத்துக் குடுத்தேன். அப்ப வந்தது ஆரு எண்டு யோசிச்சிட்டு நிக்கிறன்."

கடாட்சம் அண்ணாந்து பார்த்தார்.

லோஜினி வடிவாகத்தான் போட்டிருந்தாள். கதிரையையும் காப்பையும் நீக்கி, அம்மாவுக்கு ஒரு வட்டம், எஸ்தருக்கு ஒரு வட்டம். இரண்டும் ஒரே அளவு. இரண்டையும் சுற்றிப் பூமாலை. இரண்டுக்கும் கீழே எரிகிற மெழுகுதிரி. நடுவில் சிலுவை, புறா, நீல மேகம். மேலே பெரிய எழுத்தில் 'ஓராண்டு நினைவஞ்சலி'. அதற்குக் கீழே 'எங்களை விட்டுச் சென்றாலும் எங்கள் நெஞ்சை விட்டுச் செல்லவில்லை'.

எஸ்தர் மேகத்திலிருந்து சிரித்தார்.

கடாட்சம் தொலைபேசியை எடுத்தார். "பிள்ளை, அவ உயிரோட இருக்கிறா."

"ஆர் அங்கிள்?"

"ரெண்டாவது வட்டம்."

"நீங்கள் அதைச் சொல்லேல்லையே," என்றாள் லோஜினி. "வடிவாப் போடச் சொன்னீங்கள்."

"உடன ஆள் அனுப்பிக் கழட்டுங்கோ."

"பனர் கட்டுற அண்ணாக்கள் நிலாவெளிக்குப் போயிட்டினம், கலியாண வீட்டுக்கு. நான் கடைப் பக்கத்தில திருத்தம் ஒண்டு போட்டுவிடுறன் அங்கிள். எல்லாரும் பாப்பினம்."

அவள் சொன்னபடி முகநூலில் திருத்தம் போட்டாள். எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் பனரின் படத்தைப் போட்டு, அதற்குக் கீழேதான் 'இவர் இறக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தை வாசிக்கவில்லை. பனர் கழற்ற வேறு ஆள் தேடி அலைந்துவிட்டுக் கடாட்சம் சந்திக்குத் திரும்பியபோது அவளே அழைத்தாள்.

"அங்கிள், நிறையப் பேர் கண்ணீர் விட்டிருக்கினம். எஸ்தர் டீச்சரிட்டப் படிச்ச ஆக்கள் லண்டனில இருந்தும் எழுதியிருக்கினம். அழிக்கவா, விடவா? சிலது வாசிக்க நல்லா இருக்கு."

அவர் பதில் சொல்வதற்குள் சந்தியில் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. வெள்ளை முக்காடு அணிந்த பெண்கள் சிலர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் றஹ்மா டீச்சர். கிண்ணியாவில் எஸ்தரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். எஸ்தர் ஓய்வுபெற்ற பிறகு பார்க்கவில்லை. கையில் சீனிப் பைக்கற்றும் பிஸ்கற்றும் இருந்தன. கண் சிவந்திருந்தது.

"நீங்க டீச்சர்ட கொழுந்தன்தானே? எங்களுக்கு ஆருமே சொல்லல்லியே," என்றார். "ஒரு வருசமாம். பக்கத்தில இருந்துக்கிட்டு ஒரு வருசம் தெரியாம இருந்திருக்கம்."

"அவ இருக்கிறா," என்றார் கடாட்சம்.

"இருப்பாங்க. எங்கட மனசில எண்டைக்கும் இருப்பாங்க."

"இல்லை, வீட்டில இருக்கிறா."

றஹ்மா டீச்சர் முக்காட்டைச் சரிசெய்தார். துக்கம் மனிதரை என்னவெல்லாம் செய்துவிடுகிறது என்று அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. "நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ரஞ்சனின் வீட்டுப் பக்கம் நடந்தார்.

சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. பிறகு பல அலறல்கள். பிறகு நீண்ட சிரிப்பு. எஸ்தர் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாராம். யார் அழுகிறார்கள் என்று பார்க்கத் திருவலையோடு வெளியே வந்தாராம். இதைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள்.

கடாட்சத்துக்கு அந்த நேரம் ஒன்றுதான் தெரிந்தது. அண்ணன் காலையிலேயே மீன் சந்தைக்குப் போயிருப்பார். அவர் திரும்பி வந்து இதைப் பார்ப்பதற்கு முன் எஸ்தரை மேகத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். முழுப் பனரையும் கழற்றலாம். ஆனால் நாளைக்கு அம்மாவின் நினைவு நாள். அம்மாவின் முகத்தைச் சந்தியில் வைத்துச் சுருட்ட அவரால் முடியாது. இரண்டாவது வட்டத்தை மட்டும் எடுத்தால் போதும்.

"காக்கா, ஏணி ஒண்டு வேணும். பெட்டி வெட்டுற பிளேட்டும்."

முத்தலிப் காக்கா இரண்டையும் கொண்டுவந்து, ஏணியையும் பிடித்தார். கடாட்சம் ஏறினார். பூமாலையின் கரையால் பிளேட்டைப் பாய்ச்சினார். பனர் தடிப்பானது, எளிதில் வெட்டுப்படவில்லை. நெற்றிப் பக்கம் வெட்டிக்கொண்டு காதடிக்கு வந்தபோது, கடையில் யாரோ முட்டை கேட்டார்கள். "இந்தா வாறன்" என்று முத்தலிப் காக்கா போய்விட்டார்.

ஏணி இலேசாக ஆடியது. அதே நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து கீழே நின்றது.

ரஞ்சன் தலைக்கவசத்தைக் கழற்றினார். பையில் மீன். அவர் கண்டது இதுதான்: சந்தியின் நடுவே, அம்மாவின் படத்தை அப்படியே விட்டுவிட்டு, தன் மனைவியின் முகத்தைத் தம்பி பிளேட்டால் அறுத்துக்கொண்டு நிற்கிறான்.

"இறங்கடா," என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியோடு பேசிய முதல் வார்த்தை அது.

"இறங்குறன் அண்ணை. முதல் ஏணியைப் பிடியுங்கோ."

"பிடிக்கமாட்டன்."

"ஆடுது அண்ணை."

ரஞ்சன் ஏணியின் கால்களைப் பார்த்தார். பிறகு மீன் பையைக் கைபிடியில் கொழுவிவிட்டு, வந்து ஏணியைப் பிடித்தார். பிடித்த பிறகு அவருக்கு ஒரு சிக்கல் புரிந்தது. கையை விட்டால்தான் அடிக்கலாம். விட்டால் தம்பி விழுவான்.

"சொல்லு. போன வருசம் பேரை வெட்டினாய். இப்ப முகத்தையும் வெட்டுறாய். அவள் உனக்கு என்ன செய்தவள்?"

மேலே நின்றபடி கடாட்சம் எல்லாவற்றையும் சொன்னார். பிரசங்கம், காணிக்கை உறை, முதலில் போட்ட பெயர், தோளில் மிஞ்சிய கை, பார்க்காமல் விட்ட மேற்பகுதி. மேலே இருந்து சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை; உச்சந்தலைதான் தெரிந்தது. அதில் முடி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் இவ்வளவு குறையுமா என்று அவர் நினைத்தார்.

"அண்டைக்கும் நான்தான் விட்டிருப்பன் அண்ணை," என்று முடித்தார். "வேணுமெண்டு செய்யேல்ல. அம்மா போன நாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

ரஞ்சன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஏணியின் ஆட்டம் நின்றிருந்தது.

"எனக்கும்தான் விளங்கேல்ல," என்றார். "ஆரோடயாவது கோவிக்க வேண்டியிருந்தது. நீ பக்கத்தில நிண்டாய்." பிறகு சொன்னார்: "ஆனா அவளுக்குச் சரியான வருத்தமடா. நான் சாப்பிடேக்க அந்த நோட்டீஸ் கதையை எடுத்தா, அவள் எழும்பிக் குசினிக்குப் போயிடுவாள். ஒரு வருசமா அப்பிடி."

"நான் வந்து அவவிட்ட நேர கேக்கிறன்."

"வந்து கேள். முதல் மிச்சத்தையும் வெட்டி இறக்கு. அரைவாசியில தொங்கவிடாத."

கடாட்சம் வெட்டினார். எஸ்தரின் வட்டம் கழன்று கீழே விழ, மான்கள் இரண்டும் எழும்பி ஓடின. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வட்ட ஓட்டை, அதற்குள்ளால் துறைமுகத்து நீலம் தெரிந்தது. ரஞ்சன் மனைவியின் முகத்தைச் சுருட்டித் தம்பியின் கையில் கொடுத்து, அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றினார். நடுவில் மீன்.

வீடு நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதிரைகள் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். வந்த பிழையைச் சொன்ன பிறகும் யாரும் எழும்பிப் போகவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, உயிரோடு இருக்கிற ஆளைப் பார்க்காமல் போவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம். எஸ்தர் தன் துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தானே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். றஹ்மா டீச்சர் பிஸ்கற்றைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு ஆட்டோவில் வந்து சேர்ந்த சுகிர்தமும் குசினிக்குள் நின்றாள்.

கடாட்சம் வாசலில் நின்றார். கையில் அண்ணியின் சுருள்.

"அண்ணி," என்றார். "போன வருசம் உங்கட பேரை விட்டது என்ர பிழை. இண்டைக்கு நடந்ததும் என்ர பிழை. எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

எஸ்தர் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"விடுங்கோ தம்பி. அந்தக் கதையை விடுங்கோ."

"விட ஏலாது அண்ணி. ஒரு வருசம் உங்களை நோகப்பண்ணிப் போட்டன்."

"எனக்கு நோகேல்ல. தேத்தண்ணி குடியுங்கோ. சீனி காணுமோ?"

"பாருங்கோ," என்றார் றஹ்மா டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம். "டீச்சர் எப்பவும் இப்பிடித்தான். மனசில ஒண்டும் வைக்கமாட்டாங்க."

ரஞ்சன் தொண்டையைச் செருமினார். ஒரு வருடமாகக் கட்டிவைத்த கோபத்தை எல்லாருக்கும் முன்னால் அவிழ்ப்பது அவருக்கும் எளிதாக இல்லை. "நாளைக்கு ரெண்டாவது ஆராதனைக்கு நாங்களும் வாறம்," என்றார் தம்பியைப் பார்க்காமல். "பழைய வாங்கிலயே இருப்பம். முடிய நாலு பேரும் ஒண்டாக் கல்லறைக்குப் போவம். மெழுகுதிரி நான் வாங்கிறன்."

"நான் வாங்கிட்டன் அண்ணை."

"அப்ப நான் பூ வாங்கிறன்."

சுகிர்தம் குசினி வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு எஸ்தரின் கையைப் பிடித்து, "பனரில உங்கட பேர் முன்னுக்கு வந்ததில எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா," என்றாள். ஒரு நல்ல நாளில் சொல்லத்தக்க அளவுக்கு அது உண்மையாக இருந்தது. எஸ்தர் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். அந்தப் பணிவு வந்திருந்தவர்களை மிகவும் தொட்டது. ஒருவர் ஜெபம் ஒன்று சொல்லுவோமா என்று கேட்டார்.

அப்போதுதான் கேற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கடை முதலாளி அஸ்ஹான், கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் வந்து இறங்கி, கடையைத் திறந்து, விஷயத்தைக் கேள்விப்பட்டு, உடுப்பும் மாற்றாமல் வந்திருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கடாட்சத்தின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"அண்ணே, பெரிய பிழை நடந்துட்டு. பிள்ளை புதுசு. நான் நிண்டிருந்தா இப்பிடி நடக்க விட்டிருக்கமாட்டன். போன வருசம் உங்கட நோட்டீசை நான் என்ட கையாலதான் அடிச்சேன். ஒவ்வொரு பேரையும் வீட்டுக்குப் போன் எடுத்துச் சரிபார்த்துத்தான் அடிச்சேன். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள புதுப் பனர் ஒண்டு என்ட செலவில கட்டித் தாறன்."

"அதெல்லாம் தேவையில்லைத் தம்பி," என்றார் எஸ்தர் சட்டென்று. "நீங்கள் போய் ஓய்வெடுங்கோ."

"இல்லக்கா, செய்யத்தான் வேணும். இந்தமுறை உங்களிட்டயே கேட்டுட்டுத்தான் போவேன்," என்று அஸ்ஹான் அவர் பக்கம் திரும்பினார். "போன வருசம் நான் போன் எடுத்தப்போ, 'பாசமிகு மாமியார் எண்டு போட்டா அது பொய்ச்சாட்சி தம்பி, கர்த்தருக்கு முன்னால நான் பதில் சொல்ல ஏலாது, என்ர பேரை எடுத்துவிடுங்கோ' எண்டு நீங்கதானே சொன்னீங்க; இந்தமுறையும் எடுக்கிறதா, போடுறதா?"